இல்லாத பக்கத்தை வாசித்த பிள்ளை: தரம் 3 இல் ஒரு நிகழ்வு ஆய்வு

“டீச்சர், அவன்ர புத்தகத்தில அந்தத் தாளே இல்லை.”

பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை இதைச் சொன்னபோது அவன் வாசித்து முடித்துவிட்டான். நானும் “கெட்டிக்காரன், இரு” என்று சொல்லிவிட்டேன். புரட்டாதி வெயில், தகரக் கூரை, இரண்டாம் பாடவேளை. எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகத்தின் நடுவில் ஒரு தாள் அடியோடு கிழிந்திருந்தது. தையல் ஓரத்தில் கிழிசலின் மிச்சம் பல்லுப் பல்லாய் நின்றது. இலவசப் பாடநூல்தான், ஆனால் எல்லாருக்கும் புதிது கிடைக்காது. போன வருடத்துப் பிள்ளை பாவித்ததைத் திருப்பி வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுப்போம், இவனுக்கு வாய்த்தது அப்படி ஒன்று. இடப்பக்கம் 36, வலப்பக்கம் 39. அவன் வாசித்தது 37. விரலை வரிக்கு வரி நகர்த்தி, முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டு, “பின்னேரத்தில் வண்டி ஊர் திரும்பியது” என்று கடைசி வரியைக் குரல் தாழ்த்தி முடித்தான். விரல் ஓடியது முழுக்க 39 ஆம் பக்கத்துப் படத்தின் மேல்.

அந்த நேரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்னேரம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பயம் வந்தது. எட்டு மாதமாக இந்தப் பிள்ளை என் முன்னால் வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்த எட்டு மாதமும் நான் கேட்டது வாசிப்பே இல்லை.

பிள்ளையும் இடமும்

பாடசாலை இலங்கையின் வன்னியில், துணுக்காய்ப் பக்கம், ஒரு குளத்துக்குக் கீழே. தரம் 5 வரைதான். பிள்ளைகள் குறைவு என்பதால் தரம் 3 ஐயும் 4 ஐயும் ஒரே அறையில் வைத்து நானே படிப்பிக்கிறேன். மூன்றில் 11 பேர், நான்கில் 9 பேர். ஊர், பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. இங்கே ஆம்பிளைப் பிள்ளைகளைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இவனையும் தம்பி என்றே எழுதுகிறேன்.

தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர். விடிய ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் வரும், திரும்பி வர இருட்டிவிடும். தகப்பன் கூலி வேலை. அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடைக் காலத்தில் மெசினோடு போனால் கிழமைக் கணக்கில் வரமாட்டார். வளர்ப்பது அம்மம்மா. அம்மம்மாவின் கூடப்பிறந்தவர் கோவலன் கூத்து ஆடுகிறவர். கூத்துப் பழகுகிற இரவுகளில் தம்பி அங்கேதான் கிடப்பானாம். யார் எந்த இடத்தில் வரவேண்டும், எந்தப் பாட்டை எந்த இழுவையில் எடுக்கவேண்டும் என்று பெரியவர்கள் மறந்தால் இவன் எடுத்துக் கொடுப்பானாம். காலைப் பிரார்த்தனையில் பஞ்சபுராணம் பாட ஆள் வராவிட்டால் அதிபர் கூப்பிடுவதும் இவனைத்தான்.

அந்தக் கூத்துச் சங்கதியை நான் முதலில் ஒரு சுவையான செய்தியாக மட்டும் கேட்டுவைத்தேன். உண்மையில் முழு விளக்கமும் அதற்குள் இருந்தது. இவர்கள் கூத்துப் பழகும்போது பாட்டை எழுதி வைத்துக்கொண்டு யாரும் பழகுவதில்லை. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் பாடுவார், மற்றவர்கள் காதால் வாங்கி வாயால் திருப்பிக் கொடுப்பார்கள். தம்பி பாடசாலைக்கு வரும் முன்பே ஒரு கல்வி முறையில் நன்றாகத் தேறியிருந்தான். என் வகுப்பிலும் அதே முறையைத்தான் கண்டான், அதையே செய்தான்.

என் வாசிப்புப் பாடம் இப்படி நடக்கும். நான் இரண்டு தரம் வாசிப்பேன். பிள்ளைகள் சேர்ந்து இரண்டு தரம் வாசிப்பார்கள். பிறகு முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக. தம்பிக்கு முன்னால் ஏழு பேர். அவன் முறை வரும்போது அந்தப் பந்தி அவன் காதில் பதினொரு தரம் விழுந்திருக்கும். கூத்துப் பிள்ளைக்கு மூன்று தரம் போதும்.

ஒட்டியிருந்த பெயர்கள்

பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். தரம் 1 இல் “மெல்லக் கற்பவர்”. தரம் 2 முடிவில் “வாசிப்பு நன்று”. இரண்டுக்கும் இடையில் தம்பி வாசிக்கப் பழகவில்லை, பாடமாக்கப் பழகியிருக்கிறான்.

ஆசிரியரின் எதிர்பார்ப்புப் பற்றிப் பேசினால் ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968 இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஒரு பாடசாலையில் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, “இவர்கள் இந்த வருடம் மலரப்போகிறவர்கள்” என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருட முடிவில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி கூடுதலாக ஏறியிருந்தது. அதுவும் முக்கியமாக முதல் இரண்டு வகுப்புகளில்தான். அந்த ஆய்வின் முறையைப் பற்றிப் பின்னால் நிறைய விமர்சனம் வந்தது, அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். பொதுவாக இதிலிருந்து எடுக்கிற பாடம், பிள்ளையைப் பற்றி நல்லதாக நினை என்பது. தம்பியின் கதையில் அது சரிவரவில்லை. கெட்ட பெயர் அவனைப் பார்க்கவிடாமல் தடுத்தது, நல்ல பெயரும் அதேபோலத் தடுத்தது. “வாசிப்பு நன்று” என்று எழுதப்பட்ட பிள்ளையின் புத்தகத்தை யார் எட்டிப் பார்ப்பார்?

இன்னொரு பெயரும் இருக்கிறது. வன்னியில் எந்தப் பிள்ளைக்கு எது வராவிட்டாலும் “யுத்தப் பாதிப்பு” என்று ஒரு வரி எழுதிவிட்டால் மேலிடத்தில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். தம்பி பிறந்தது யுத்தம் முடிந்து ஏழு வருடத்துக்குப் பிறகு. ஆனாலும் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமுடியாது. தாயோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது சொன்னார்: “நான் எட்டோட நிண்டிட்டன் டீச்சர். புத்தகப் பையை மாத்தளனில போட்டிட்டு வந்தது. பிறகு முகாமில படிப்பு ஏறேல்லை.” யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனம் அகப்பட்டுக் கிடந்த கடற்கரைதான் மாத்தளன். வீட்டில் பிள்ளைக்கு எழுத்துக்காட்ட ஆள் இல்லாமல் போனதற்கு அது ஒரு காரணம். தம்பிக்கு கொம்பும் (ெ) அரவும் (ா) குழம்புவதற்கு அதைக் காரணம் என்று எழுதினால், என் பங்கை நான் மறைக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

முதல் இரண்டு கிழமை

என் பங்கைச் சொல்லவேண்டியது இங்கேதான். தாள் இல்லாதது தெரிந்ததும் எனக்கு ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. அடுத்த நாள் இடைவேளையில் அவனை மறித்து வைத்தேன். காணாத பந்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வராத சொல்லைப் பத்துத் தரம் எழுத வைத்தேன். முத்துப்போல எழுதினான். எழுதி முடித்ததைக் காட்டி “இது என்ன சொல்?” என்றால் முகட்டைப் பார்த்தான். அவன் எழுதவில்லை, கீறியிருக்கிறான்.

மூன்றாம் நாள் வயிற்றுக்குத்து. நான்காம் நாளும். தமிழ்ப் பாடம் தொடங்கினால் வரும், “போய்த் தண்ணி குடிச்சிட்டு வா” என்றால் போகும்.

மறை மீளவலியுறுத்தல் என்ற இடத்தில் ஆசிரிய மாணவர்கள் எல்லாரும் பிழை விடுவோம். மறை என்றதும் தண்டனை என்று எழுதிவிடுவோம். நடத்தை உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னது வேறு. தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கும். மீளவலியுறுத்தல் நேரோ மறையோ நடத்தையைக் கூட்டும். பிடிக்காத ஒன்று நீங்குவதால் நடத்தை கூடினால் அது மறை. தம்பிக்குப் பிடிக்காதது என் மேசைக்கு முன்னால் நிற்பது. வயிற்றுக்குத்து அதை நீக்கியது, ஆகவே வயிற்றுக்குத்துக் கூடியது. அவன் நடித்தான் என்று சொல்லமாட்டேன். அம்மம்மா ஓமம் அவித்துக் கொடுத்திருக்கிறா, பிள்ளைக்கு உண்மையாகவே நொந்திருக்கிறது.

நேர் மீளவலியுறுத்தலும் இதே கதைதான். எட்டு மாதமாக நான் கொடுத்த “கெட்டிக்காரன்” வாசிப்புக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது போய்ச் சேர்ந்த இடம் மனப்பாடம். மீளவலியுறுத்தல் ஆசிரியர் மனதில் நினைத்திருக்கும் நடத்தையைப் பலப்படுத்தாது. அந்த நேரம் எது நடந்ததோ அதைத்தான் பலப்படுத்தும். தம்பி ஒன்றும் கற்காமல் இருக்கவில்லை. நான் எதற்குப் பரிசு கொடுத்தேனோ அதை முழுத் திறமையோடு கற்றிருந்தான்.

உடல் தண்டனை கூடாது என்று 2005 இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. நான் தடி எடுக்கவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். ஆனால் இரண்டு கிழமை முடிவில் புதுத் தாளை நீட்டினாலே, பார்க்கும் முன் “தெரியாது டீச்சர்” என்றான். எதைச் செய்தாலும் முடிவு மாறாது என்று அனுபவத்தில் கண்டுகொண்ட உயிர், மாற்ற முடிகிற இடத்திலும் முயற்சி செய்யாது என்று செலிக்மனும் மேயரும் 1967 இல் நாய்களை வைத்துக் காட்டினார்கள். கற்றுக்கொண்ட இயலாமை என்று அதற்குப் பெயர். அதைப் பரீட்சைக்குப் பந்தி பந்தியாக எழுதியவள் நான். பிள்ளையின் முகத்தில் கண்டபோது பிடிவாதம் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை அவர்களின் வீட்டுக்குப் போனேன். அம்மம்மா பிளேன்டீயும் பனங்கட்டியும் வைத்தா.

“அவனுக்குப் புத்தகம் முழுக்கப் பாடம் பிள்ளை. வேணுமெண்டா கேட்டுப் பாருங்கோ.”

பெருமையாகத்தான் சொன்னா. எங்களுக்குப் படிப்பும் பாடம், மனனமும் பாடம், ஒரே சொல். எனக்கும் உறைத்தது. வவுனியாக் கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் வைகோட்ஸ்கி, புரூனர், பண்டுரா என்ற உளவியலாளர்கள் எல்லாரும் எனக்கும் பாடம். எந்தத் தாளைக் கிழித்தாலும் ஒப்புவித்திருப்பேன்.

என்ன தெரியும், என்ன தெரியாது

மதிப்பீடு என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. கலண்டர் மட்டையை வெட்டி நாலு வேலை செய்தேன்.

அவனுக்கு முழுக்கப் பாடமான பந்தியின் சொற்களைத் தனித்தனியாக எழுதிக் கலைத்து வைத்தேன். பந்தியாக ஒரு சொல் தவறாமல் சொன்னவன், தனிச் சொல்லாக முப்பதில் ஒன்பதைச் சொன்னான். அந்த ஒன்பதும் சின்னச் சொற்கள். ‘சமபோஷ’ சத்துமாப் பக்கெற்றைக் காட்டினால் உடனே பெயர் சொன்னான், அதையே சோக்கால் கரும்பலகையில் எழுதினால் தெரியவில்லை. ஊட்டா ஃப்ரித் 1985 இல் வாசிப்பின் முதல் கட்டம் என்று சொன்னது இதுதான்: எழுத்தை வாசிப்பதில்லை, சொல்லை ஒரு படம்போல அடையாளம் காண்பது. நிறமும் வடிவமும் போனால் சொல்லும் போய்விடும்.

அடுத்தது, அர்த்தமில்லாத சொற்கள்: ‘மொபி’, ‘தேகு’, ‘கைலு’. ஞாபகம் உதவ முடியாத இடம். ஒன்றுமே வரவில்லை.

மூன்றாவது, எழுத்துகள். அகர வரிசை பெரும்பாலும் தெரியும். அரவும் மேல்விசிறியும் (ி) தெரியும். கு, சு, து, பு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறுகிற இடத்தில் தடுமாற்றம். கொம்பு வருகிற எதுவும் தெரியாது. ‘கை’, ‘கெ’, ‘கே’, ‘கொ’ எல்லாமே அவனுக்குக் ‘கெ’. ‘கொ’வைக் காட்டினால் “கெ” என்று சொல்லிவிட்டு மிஞ்சிய அரவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இது அவன் பிழை மட்டுமில்லை. கொஞ்சம் நின்று பார்த்தால் எங்கள் எழுத்து பிள்ளையிடம் எவ்வளவு கேட்கிறது என்று தெரியும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. பெரும்பாலானவை குறிகள் சேர்ந்து வருபவை, அதனால் 247 ஐயும் தனித்தனியாகப் படிக்கத் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் ‘கொ’வில் காது முதலில் கேட்பது ககர மெய், பிறகு ஒகரம். கண் முதலில் காண்பது கொம்பு, பிறகு க, பிறகு அரவு. கண்ணும் காதும் எதிர்த் திசையில் போகின்றன. கன்னடப் பிள்ளைகளை வைத்து சோனாலி நாக் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட எழுத்து முறைகளில் எழுத்தறிவு முதல் வகுப்போடு முடிவதில்லை, பல வருடம் நீளும் என்று காட்டியது. நாங்களோ தரம் 2 முடியும்போது ‘எழுத்து முடிந்தது’ என்று கொப்பியை மூடிவிடுகிறோம்.

நாலாவது, அவன் கேட்டிராத கதை ஒன்றை வாயால் சொன்னேன். திருப்பிச் சொன்னான், நான் விட்ட இடத்தையும் நிரப்பிச் சொன்னான். வகுப்பில் இவனளவு யாரும் சொல்லவில்லை.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கஃபும் டன்மரும் 1986 இல் எழுதிய எளிய சமன்பாடு நினைவுக்கு வந்தது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனைக் கேட்டு விளங்கும் திறனால் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று நூறாக இருந்தாலும் மற்றது பூச்சியம் என்றால் விடை பூச்சியம். தம்பியின் ஒரு பக்கம் நிறைந்து வழிந்தது. மற்றப் பக்கம் கிட்டத்தட்ட வெறும்.

பாடசாலை வைத்திய பரிசோதனையில் கண் பிரச்சினை ஒன்றும் எழுதப்படவில்லை, காது எவ்வளவு கூர்மை என்று எல்லாருக்கும் தெரியும். பிறப்பிலேயே வருகிற வாசிப்பு இடர்பாடாக இருக்குமோ என்ற கேள்வி மனதில் இருந்தது. அதைத் தீர்மானிப்பது வகுப்பாசிரியரின் வேலையில்லை. ஒழுங்காகக் கற்பித்தும் நகராவிட்டால்தான் மேலே அனுப்பவேண்டும். இவனுக்கு யாரும் இன்னும் ஒழுங்காகக் கற்பிக்கவே இல்லையே.

லான்ட்மாஸ்டர்

வாணி விழா முடிந்த கையோடு தொடங்கினேன். காலைப் பிரார்த்தனைக்கு முன் நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம். கிழமையில் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் மறித்து வைப்பதிலும், சிறிது சிறிதாக இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும். எபிங்கவுஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885 இல் வெளியிட்ட காலத்திலிருந்து இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பரிகாரக் கற்பித்தல் என்று நேரசூசியில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, அதில் எல்லா மெல்லக் கற்பவர்களையும் ஒன்றாக இருத்துகிற வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பாடநூலைத் தொடவில்லை. “என்ன செய்தனி, சொல்லு” என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன்: ‘நானும் அண்ணாவும் பாலைப்பழம் பொறுக்கப் போனனாங்கள். யானை லத்தி சூடாக் கிடந்தது. ஓடி வந்திட்டம்.’ வைகோட்ஸ்கியின் அண்மைய விருத்தி வலயம் என்பது பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் தெரிந்தவரின் கைபிடித்துச் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட தூரம். அந்த வலயம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தம்பிக்கு அது அவனுடைய ஞாபகத்தின் ஓரத்தில் தொடங்கியது. பொருள் அவனுக்கு முதலே தெரியும், ஆகவே மூளைக்கு எழுத்தைப் பார்க்க இடம் கிடைக்கும். அதே நேரம், வரியை அப்படியே விட்டால் திரும்பவும் பாடமாக்கிவிடுவான். வரியைச் சொல்லாக வெட்டி, கலைத்து, “யானை எங்கே?” “லத்தி எங்கே?” என்று தேட வைத்தேன். பிறகு ‘யானை’க்குள் ‘னை’யை, ‘போனனாங்கள்’ உள்ளே ‘போ’வை.

கொச்சைத் தமிழை எழுதிப் பழக்குகிறீரா என்று ஒரு சக ஆசிரியை கேட்டா. கேட்டதில் பிழையில்லை. மூன்றாம் கிழமையிலிருந்து ‘போனனாங்கள்’ பக்கத்தில் ‘போனோம்’, ‘வந்திட்டம்’ பக்கத்தில் ‘வந்துவிட்டோம்’ என்று இரண்டையும் வைத்தேன். பிள்ளைக்கு இது குழப்பமாக இல்லை, விளையாட்டாக இருந்தது. “புத்தகக் கதை, வீட்டுக் கதை” என்று தானே பெயரும் வைத்தான்.

கொம்புக்குத்தான் நாள் பிடித்தது. செயல், உரு, குறியீடு என்று அறிவு மூன்று வழியில் மனதில் தங்குவதாகப் புரூனர் சொன்னார். நான் குறியீட்டில் தொடங்கித் தோற்றவள். இந்தமுறை கையிலிருந்து தொடங்கினேன். ‘க’ மட்டையை மேசையில் வைத்து, கொம்பு மட்டையை அவன் இடக்கையிலும் அரவு மட்டையை வலக்கையிலும் கொடுத்தேன். இடப்பக்கம் மட்டும் வைத்தால் ‘கெ’, இரண்டு கையையும் சேர்த்தால் ‘கொ’. ஆறேழு தரம் வைத்தும் எடுத்தும் பார்த்தான். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, யோசனையோடு சொன்னான்:

“டீச்சர், லான்ட்மாஸ்டர்ல சத்தம் முன்னுக்கு, பெட்டி பின்னுக்கு. இதில கொம்பு முன்னுக்கு நிக்குது, சத்தம் பின்னுக்கு வருது.”

லான்ட்மாஸ்டர் என்பது பின்னால் பெட்டி பூட்டி இழுக்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரம். எழுத்தின் ஒழுங்கும் ஒலியின் ஒழுங்கும் வேறுபடுவதை இதைவிடத் தெளிவாக நான் எந்தக் கைந்நூலிலும் வாசித்ததில்லை. அன்றிலிருந்து முழு வகுப்புக்கும் கொம்பு ‘சத்தமில்லாத லான்ட்மாஸ்டர்’.

பெரியவர் கொடுக்கும் தற்காலிக உதவிக்கு வூட், புரூனர், ரோஸ் மூவரும் 1976 இல் கட்டடத் தொழிலிலிருந்து ஒரு பெயர் எடுத்தார்கள். தமிழில் சாரம் என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் உடுக்கிற சாரம்தான் நினைவுக்கு வரும். கட்டடம் எழும்பும்போது கட்டி, முடிய அவிழ்க்கிற சாரத்தைச் சொல்கிறார்கள். கட்டுவதைப் பற்றி எல்லாரும் கதைக்கிறோம், அவிழ்ப்பதைப் பற்றிக் கதைப்பதில்லை. நீண்ட சொற்களில் நான் என் விரலால் பாதியை மறைத்துக் கொடுத்தேன். ‘வருகிறார்கள்’ என்ற சொல்லில் ஏழு எழுத்து. ஒரே நேரத்தில் மனதில் ஏழு சொச்சம் தங்கும் என்றார் மில்லர் 1956 இல், நாலளவுதான் என்றார் கோவன் 2001 இல். எழுத்தெழுத்தாகக் கூட்டுகிற பிள்ளைக்கு ‘ள்’ வரும்போது ‘வ’ போயிருக்கும். ‘வரு’, ‘கிறா’, ‘ர்கள்’ என்று மறைத்து மறைத்துத் திறந்தால் மூன்றே துண்டு. இரண்டு கிழமையில் அவனே தன் விரலால் மறைக்கத் தொடங்கினான். பிறகு விரலும் இல்லை, கண்ணைச் சிமிட்டுவான். நான் அந்த விரலை ஒரு கிழமை முன்னரே எடுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பாராட்டையும் மாற்றினேன். “கெட்டிக்காரன்” போய், “இந்தச் சொல்லில நிண்டு திரும்பிப் பாத்தனி” என்று நடந்ததைச் சொன்னேன். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளுக்கு, அடுத்து வந்த கஷ்டமான புதிர்களில் தோற்றதும் தொடர்ந்து முயலும் விருப்பம் குறைந்ததை முல்லரும் ட்வெக்கும் 1998 இல் காட்டினார்கள். சொல்ல லேசு. வாய் பழக்கத்தில் “கெட்டி” என்று தொடங்கி விழுங்கிய நாட்கள் நிறைய.

துணைக்கு முதலில் வகுப்பில் முதலாம் பிள்ளையை இருத்தினேன். சரிவரவில்லை. அவள் சடசடவென்று வாசித்துவிட்டு இவனைப் பார்ப்பாள், இவன் முகட்டைப் பார்ப்பான். பிறகு தரம் 4 இல் இருந்த, தானும் தட்டித் தடவி வாசிக்கிற ஒரு பையனை இருத்தினேன். அவன் பிழைவிட்டு, “பொறு பொறு” என்று தனக்குத்தானே சொல்லித் திருத்துவான். கிழமை முடிய தம்பியும் “பொறு பொறு” என்றான். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்குப் பண்டுரா 1977 இல் நாலு ஊற்றுச் சொன்னார்: தானே செய்து வெல்வது, தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடம்பின் பதற்றம் அல்லது அமைதி. ‘தன்னைப்போன்ற’ என்ற சொல்லை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே மட்டும் இந்த விடயத்தில் எனக்குப் பெரிதாக உதவவில்லை. கணிதம் படிப்பிக்கும்போது அவரிடம் போகிறேன்.

மழை

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. குளம் வான் பாய்ந்து, வீதிக்கு மேலால் தண்ணீர் போனது. இரண்டு கிழமை பாடசாலை இல்லை. அதோடு தவணை லீவும் வந்தது. தை மாதம் வந்தபோது ‘ே’யும் ‘ை’யும் போயிருந்தன. எனக்கு அழுகை வந்தது. ஆனால் முன்பு பதினொரு நாள் பிடித்தது இப்போது மூன்று நாளில் திரும்பியது. மறந்ததுபோல் தெரிகிறதைத் திரும்பப் படிக்கும்போது மிச்சமாகிற நேரத்தைத்தான் எபிங்கவுஸ் அளந்தார். அவரும் அர்த்தமில்லாத அசைகளைத்தான் பாவித்தார், என் ‘மொபி’, ‘தேகு’ மாதிரி. மறதியைப் பற்றி அவர் கீறிய கோட்டைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இந்த மிச்சத்தைப் பற்றிச் சொல்பவர் குறைவு, லீவு முடிந்து வருகிற ஆசிரியருக்குத் தேவைப்படுவது இதுதான்.

மொத்தம் 51 நாள். நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் பத்து மணித்தியாலம் சொச்சம். தை முடிவில் காணாத பந்தி ஒன்று, 60 சொல், கொடுத்தேன். மூன்றரை நிமிடம் எடுத்தான். ஐந்து சொல்லில் பிழை, அதில் மூன்றைத் தானே திருத்தினான். கேள்விக்கு விடை எல்லாம் சரி. லகர, ளகர, ழகரங்கள் எழுதும்போது இன்னும் தாறுமாறு. தரம் 4 பாடநூலின் வேகத்துக்கு இந்த வேகம் போதாது. அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது. அந்த வினாத்தாளை இவன் நேரத்துக்குள் வாசித்து முடிப்பானா என்பதே எனக்குச் சந்தேகம். வயிற்றுக்குத்து வந்து நாளாகிறது.

மட்டை வேலையை மற்றப் பிள்ளைகளுக்கும் செய்து பார்த்தேன். தரம் 3 இல் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரி, தாள் கிழியாத புத்தகத்தோடு. சேர்ந்து வாசிப்பை நான் விடவில்லை, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் தனி வாசிப்பு இப்போது முதலில் வருகிறது, அதுவும் பந்தியின் நடுவிலிருந்து. என் வாசிப்பு கடைசியில்.

மாசி தொடக்கத்தில் தரம் 3 க்கு வந்த புதுப் பிள்ளை ஒன்றுக்குப் புத்தகம் குறைந்தது. தம்பியின் பழைய புத்தகத்தை எடுத்து, இல்லாத தாளை வேறு புத்தகத்திலிருந்து போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டினேன். பசை காயும்வரை மேசையில் விரித்து வைத்திருந்தேன். தம்பி வந்து குனிந்து பார்த்தான். உதடு அசைந்தது. ஒரு இடத்தில் “பொறு பொறு” என்றான். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“டீச்சர், இதில ‘மாலையில்’ எண்டு கிடக்கு. நீங்கள் ‘பின்னேரத்தில்’ எண்டெல்லோ வாசிச்சனீங்கள்.”